நூறு ரூபாய்த் தீர்ப்பும் எட்டு வழிச் சாலையும்

(ஆட்டையாம்பட்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிர்வாகச் சட்டம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். சட்டக் கல்லூரியில் இந்தப் பாடம் லண்டனில்தான் தொடங்கும். வாண்ட்ஸ்வர்த் பகுதியில் ஒருவர் வீடு கட்டினார். முன்கூட்டியே தகவல் தரவில்லை என்று உள்ளாட்சி வாரியம் அந்த வீட்டை இடித்துப் போட்டது. தகவல் தராதது தப்பாகவே இருக்கட்டும், அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டல்லவா இடித்திருக்க வேண்டும் என்று 1863-இல் நீதிமன்றம் சொன்னது. மாணவர்கள் இதை எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். அதற்குப் பின் இருபது வருடக் கணக்கில் நம்ம சேலத்தில் நடந்த ஒரு வழக்கைக் கேட்டால் முழிப்பார்கள். எனவே நான் சேலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1882-இல் சேலத்தில் ஒரு பெரிய கலவரம் நடந்தது. அதைத் தூண்டிவிட்டார் என்று நகராட்சி உறுப்பினராக இருந்த ஓர் இளம் வக்கீல் மீது வழக்குப் போட்டார்கள். அவருக்கு அப்போது முப்பது வயது. சேலம் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, வக்கீல் தேர்வைத் தானே படித்து எழுதி, தொழிலுக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பெயர் சி. விஜயராகவாச்சாரியார். பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம், பிழைத்தோம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். இவர் போகவில்லை. இடையில் அரசாங்கம் அவருடைய நகராட்சிப் பதவியைப் பறித்திருந்தது. என்னை எப்படி நீக்கினாய் என்று இந்திய விவகாரச் செயலர் மீதே வழக்குத் தொடுத்தார். இந்திய விவகாரச் செயலர் என்றால் லண்டனில் உட்கார்ந்து இந்தியாவை ஆண்ட மந்திரி. சட்டத்தின் கண்ணில் அவர்தான் அரசாங்கம். 1884-ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் அந்த வழக்கு இருக்கிறது. வென்றார். இழப்பீடாக 100 ரூபாய் கிடைத்தது. ‘சேலம் சிங்கம்’ என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டு, 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான்.

நூறு ரூபாய் அந்தக் காலத்தில் பெரிய தொகையா சின்னத் தொகையா என்று கணக்குப் போட வேண்டாம். பதவி பறிபோனவர் ஏன் பணம் கேட்டு வழக்குப் போட வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். இன்றைக்கானால் வக்கீல் நேராகச் சென்னைக்குப் போய் ரிட் மனு போடுவார், ஆணை ரத்து, அடுத்த வாரமே பதவி. அன்று அந்த வசதி சேலத்துக்காரருக்கு இல்லை. அரசாங்க ஆணையை ரத்து செய்யும் ரிட், சென்னைப் பட்டணத்து எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய சலுகையாக இருந்தது. பட்டணத்துக்கு வெளியே இருந்தவர்கள், அதாவது மாகாணத்தின் ஏறக்குறைய எல்லா மக்களும், சிவில் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்க வேண்டியதுதான்.

இது வெறும் பழக்கமாக இருந்துவிடவில்லை, தீர்ப்பாகவே வந்தது. பர்லாக்கிமிடி ஜமீனில் குத்தகை உயர்வை எதிர்த்து ரயத்துகள், அதாவது குடியானவர்கள், போராடினார்கள். உயர்வை உறுதி செய்தது வருவாய் வாரியம். அந்த வாரியத்தின் அலுவலகம் சென்னையில் இருந்தது. சென்னையில் உட்கார்ந்து போட்ட உத்தரவைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்யலாமே என்றார்கள் ரயத்துகள். முடியாது, நிலம் இருப்பது கஞ்சம் பக்கம், நீங்கள் பட்டணத்துக்கு வெளியே இருக்கும் குடிகள் என்று 1943-இல், அன்று மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் கையை விரித்தது. அதிகாரம் பட்டணத்தில் இருக்கும், அதைத் தட்டிக் கேட்கும் உரிமை மட்டும் கிராமத்துக்கு வராது. அப்படி ஓர் ஏற்பாட்டில்தான் நம் பாட்டன்மார் வாழ்ந்தார்கள்.

1950 ஜனவரி 26-இல் அரசமைப்பின் 226-ஆம் உறுப்பு இந்த வேலியைப் பிடுங்கிப் போட்டது. மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். அடிப்படை உரிமைக்காக மட்டுமல்ல, வேறு எந்தச் சட்ட உரிமைக்காகவும் போகலாம். நம் அரசமைப்பில் ஆட்டையாம்பட்டிக்கு மிகவும் வேண்டிய வரி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதோடு இன்னொரு தேதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசமைப்பு வந்த பதினாறாம் நாள், 1950 பிப்ரவரி 11-இல், சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். ரிட் மனு தோட்டாவை நிறுத்தாது. சட்டம் வந்த அன்றே அதிகாரிகளின் கை அடங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. மக்கள் கல்விக் கழகம் என்ற சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று மதராஸ் அரசு அறிவித்தது. அதன் பொதுச்செயலாளர் வி.ஜி. ராவ் என்ற பாரிஸ்டர் நீதிமன்றத்துக்குப் போனார். 1952-இல் உச்சநீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அரசாங்கம் தன் மனத்திருப்தியின் பேரில் ஒரு சங்கத்தைத் தடை செய்துவிட்டு, அதற்கான காரணங்களை நீதிமன்றம் ஆராய வழியே வைக்காமல் விட முடியாது என்றது தீர்ப்பு. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் குறிப்பு. தடை அறிவிப்பு அரசிதழில் வந்தால் போதும் என்று அந்தச் சட்டம் விட்டிருந்தது. சம்பந்தப்பட்டவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நீதிபதிகள் அதையும் குறையாக எடுத்துக்காட்டினார்கள். அரசிதழை யார் படிக்கிறார்கள்? இந்த அரங்கில் அரசிதழைக் கையில் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அச்சகத்து நண்பர் ஒருவர்தான் கையைத் தூக்குவார்.

இனி அடிப்படைகளுக்கு வருவோம். புத்தகத்தில் பத்துத் தலைப்பு இருக்கும். நடைமுறையில் அரசாங்கத் தாள் ஒன்று கைக்கு வந்தால் வக்கீல் பார்ப்பது மூன்று நான்குதான். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா? நம்மைக் கேட்டார்களா? காரணம் எழுதியிருக்கிறார்களா?

இரண்டாவது கேள்விக்குப் பம்பாய் வழக்கு ஒன்று உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த மாவட்டத்துக்காரர்களுக்கு சினிமாக் கொட்டகை வழக்கு என்றால் சுவாரசியமாகத்தான் இருக்கும். அந்தேரியில் கொட்டகை கட்ட ஒருவருக்குப் போலீஸ் கமிஷனர் அனுமதி கொடுத்தார். கொஞ்ச நாளில் ரத்து என்று கடிதம் வந்தது. ரத்து செய்யும்படி அரசாங்கம் என்னைப் பணித்திருக்கிறது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார். உச்சநீதிமன்றம் 1951-இல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. விதிப்படி முடிவெடுக்க வேண்டியவர் கமிஷனர். அவர் அரசாங்கத்தின் ஆலோசனையைக் கேட்கலாம், யோசிக்கலாம்; ஆனால் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். இன்னொருவர் எடுத்த முடிவுக்குக் கையெழுத்து மட்டும் போட்டால் அது முடிவே இல்லை. “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, மேலிடத்துல சொல்லிட்டாங்க” என்று தாலுகா ஆபீசில் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகை ஞாபகம் வரும். நல்ல அதிகாரிகளுக்கு இந்தத் தீர்ப்பு கவசம். அதைப் போட்டுக்கொள்பவர்கள்தான் குறைவு.

காரணத்தைப் பற்றி நீதிபதி கிருஷ்ணய்யர் 1977-இல், பஞ்சாபின் பிரோஸ்பூர் தேர்தல் வழக்கில், அழுத்தமாக எழுதினார். ஓர் ஆணை அது பிறந்த நாளில் சொன்ன காரணத்தைக் கொண்டுதான் நிற்க வேண்டும். வழக்கு வந்த பிறகு பதில் மனுவில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது. இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதலில் உத்தரவு, வழக்கு வந்தால் அரசு வக்கீலிடம் கேட்டுக் காரணம் என்று வேலை சுலபமாகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து நாட்டுக்கே போன கொள்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைமைச் செயலர் பொறுப்பில் இருந்த ராயப்பா, தன்னை வேறு பதவிகளுக்குத் தூக்கியடித்தது பழிவாங்கல் என்று அன்றைய கருணாநிதி அரசின் மீது வழக்குப் போட்டார். 1973 இறுதியில் வந்த தீர்ப்பில், தான்தோன்றித்தனமும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று ஜென்ம விரோதிகள் என்ற கருத்தை நீதிபதி பகவதி முன்வைத்தார். அரசின் எந்தக் காரியத்தையும் சமத்துவம் பேசும் அரசமைப்பின் 14-ஆம் உறுப்பின் கீழ் உரசிப் பார்க்க இதுதான் வழி திறந்தது. மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு வரைக்கும் அந்தச் சிந்தனை ஓடியது. ராயப்பா மட்டும் தோற்றுப்போனார். பழிவாங்கும் நோக்கத்தை மெய்ப்பிக்க அவரால் முடியவில்லை. உள்நோக்கம் கற்பித்துப் போடுகிற வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். கட்சிக்காரர்கள் வந்து “அவருக்கு என் மேல காண்டுங்க” என்றுதான் தொடங்குவார்கள். இருக்கலாம். ஆனால் காண்டை நிரூபிப்பதைவிட, நோட்டீசில் பதினான்கு நாள் கொடுக்க வேண்டிய இடத்தில் நான்கு நாள்தான் கொடுத்தார் என்று காட்டுவது எளிது.

பதினான்கு நாள் என்று சும்மா சொல்லவில்லை. கை முறுக்குச் சுற்றும் இந்த ஊருக்கு அது சொந்த விஷயம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார், கொதித்த எண்ணெயில் கருவியை விட்டுப் பார்க்கிறார். திரும்பத் திரும்பச் சுட வைத்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2018 முதல் விதி. தாண்டியிருக்கிறது. ஷெட்டில் ஈ வலையும் இல்லை. உடனே உரிமத்தைப் பிடுங்கிவிட முடியுமா? 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவைப் பாருங்கள். நியமன அலுவலர் முதலில் மேம்பாட்டு அறிவிப்பு தர வேண்டும். என்ன குறை, எந்த விதி மீறப்பட்டது, என்ன செய்து சரி செய்ய வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். பதினான்கு நாளுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். சரி செய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால், காரணம் கேட்டு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் ரத்து. அதன் மேல் ஆணையரிடம் மேல்முறையீடு. அதற்குப் பதினைந்து நாள்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் அலுவலர் அன்றைக்கே நிறுத்தி வைக்கலாம். நியாயம்தான். சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது முறுக்குக்காரருக்குப் பதினான்கு நாள் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அப்போதும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது சட்டம். அவசரம் வந்தால் விசாரணையைத் தள்ளி வைக்கலாம், காரணத்தைத் தள்ளி வைக்க முடியாது.

தறிக்காரர்களுக்கு மின்சாரச் சட்டம். பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க முழுதாகப் பதினைந்து நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும், 56-ஆம் பிரிவு. தறிக்கு வாங்கிய இணைப்பை வேறு எதற்கோ ஓட்டுகிறாய் என்று வந்தால் அது 126-ஆம் பிரிவு. முதலில் தற்காலிக மதிப்பீடு, பிறகு உங்கள் ஆட்சேபம், விசாரணை, முப்பது நாளுக்குள் இறுதி ஆணை. தற்காலிகத் தாளைப் பார்த்ததும் நடுங்கிப்போய் நகையை அடகு வைத்துக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது இறுதிக் கணக்கு இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இறுதி ஆணையை எதிர்த்து முப்பது நாளில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மதிப்பிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். பத்துத் தறி வைத்திருப்பவர் கட்டிவிடுவார். வீட்டோடு இரண்டு தறி போட்டவருக்கு அந்தப் பாதியே பூட்டு. அதிகாரத்துக்குக் கடிவாளம் என்று சட்டம் கொடுப்பதை இப்படிக் காசு கட்டி வாங்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

சரி, நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வழக்குக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வந்து, நமக்குப் பக்கத்தில் அரியானூரில் முடிவதாகத் திட்டமிட்ட எட்டு வழிச் சாலை. சுமார் 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டம். 2018-இல் அளவைக் கல் நட வந்தபோது இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டம் என்ன சொன்னது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலம் எடுப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. 3ஏ பிரிவில், எடுக்க எண்ணியிருக்கிறோம் என்று அறிவிப்பு. அது வெறும் எண்ணம். அதன் சுருக்கத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் போட வேண்டும். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். 3சி பிரிவில், 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். தகுதியுள்ள அதிகாரி நேரிலோ வக்கீல் மூலமோ கேட்டு, ஏற்றோ தள்ளியோ ஆணை போட வேண்டும். அதற்குப் பிறகு 3டி அறிவிப்பு. அன்றைக்குத்தான் நிலம் மத்திய அரசுக்குப் போகிறது. 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் 3ஏ தானாகவே செத்துப்போகும். 3டி வரும் நிமிடம் வரை தோட்டம் உங்களுடையது. கிணறு உங்களுடையது. தென்னை உங்களுடையது.

2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலம் எடுக்கக் கிளம்பியது தவறு என்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. சேலம் பக்கம் வெடி வெடித்தார்கள். 2020 டிசம்பர் 8-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் கான்வில்கர், கவாய், கிருஷ்ண முராரி அமர்வு அதைப் பெரும்பகுதி மாற்றியது. எந்தச் சாலையைத் தேசிய நெடுஞ்சாலை ஆக்குவது என்பது மத்திய அரசின் அதிகாரம்; மத்திய அரசு முதலில் போட்ட சாலைப் பட்டியலில் இந்தச் சாலை இல்லை என்பது குற்றமாகாது; சுற்றுச்சூழல் அனுமதி வேலை தொடங்கும் முன் வேண்டும், 3ஏ அறிவிப்புக்கு முன் வேண்டியதில்லை என்றது. தோற்றுவிட்டோம் என்று எல்லாரும் கலைந்து போனார்கள்.

அந்தத் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களை யாரும் பேசவில்லை. 3டி வருவதற்கு முன்பே பல இடங்களில் வருவாய்ப் பதிவேட்டில் கை வைத்திருந்தார்கள். இன்னும் விவசாயிக்குச் சொந்தமான நிலத்தில், நிலம் எடுப்பவர் பெயருக்குப் பதிவு ஏறியிருந்தது. ஒரு சிட்டாவில் ஒரு வரி மாறினால் என்ன ஆகிவிடும் என்று பட்டணத்துக்காரர் கேட்பார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கொண்டா என்பார்கள். மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். சாலை வந்தாலும் வராவிட்டாலும், தாளில் பெயர் போன அன்றே பாதி நிலம் போய்விட்டது. பழைய பெயரையே திரும்ப ஏற்றச் சொல்லியிருந்தது உயர்நீதிமன்றம். உச்சநீதிமன்றம் பெரும்பகுதியை மாற்றியபோதும் இந்த ஒன்றை மாற்றவில்லை. 3டி-க்கு முன் பதிவை மாற்ற எவருக்கும் அதிகாரம் இல்லை என்று உறுதி செய்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சுற்றுச்சூழல் பற்றிய உச்சநீதிமன்றத்தின் முடிவு எனக்கு உடன்பாடில்லை. நிலமெல்லாம் கைக்கு வந்தபின் நடக்கும் சுற்றுச்சூழல் ஆய்வில், வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பணம் செலவாகிவிட்டது, பாதை முடிவாகிவிட்டது, இனி மரம் எத்தனை நடுவது என்பதுதான் பேச்சாக இருக்கும். ஆனால் சாலை தேவையா இல்லையா என்று நீதிபதிகள் தீர்மானித்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நீதிமன்றம் பார்ப்பது அரசு போன வழியை. போய்ச் சேர்ந்த இடம் நல்லதா கெட்டதா என்பதைச் சட்டமன்றத்திலும் தேர்தலிலும்தான் பேசித் தீர்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் வழக்குக்கு வருகிறவர்கள், ஜெயிக்கக் கூடிய புள்ளியை விட்டுவிட்டு ஜெயிக்க முடியாததில் தலையை மோதிக்கொள்கிறார்கள். சிட்டாவின் அந்த ஒரு வரியை வாதமாக எடுத்து வைத்தார்களே, அவர்களுக்குத்தான் இந்தப் பாடம் உள்ளபடி தெரிந்திருந்தது.

வழியை மட்டும் பார்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. வழி சடங்காகிவிடும். நிலமெடுப்பு வழக்குகளில் நான் கண்ட ஆட்சேப ஆணைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒருவர் தன் கிணற்றில்தான் நான்கு வீட்டுக்குக் குடிநீர் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பாதையை அறுபது அடி கிழக்கே தள்ளினால் புறம்போக்கிலேயே போகும் என்று வரைபடம் வரைந்து கொடுத்திருந்தார். மூன்றாமவர் வெறுமனே நிலம் தர விருப்பமில்லை என்றார். மூவருக்கும் ஒரே பதில் வந்தது. பொது நலன் கருதி ஆட்சேபணை ஏற்கத்தக்கதல்ல என்று ஒரே பத்தி. புல எண்ணும் பெயரும் மட்டும் வேறு. ஒன்றில் பெயரைக்கூட மாற்ற மறந்து, அடுத்தவர் பெயரே கிடந்தது. கேட்டார்களா? கேட்டார்கள், கையெழுத்து இருக்கிறது. காரணம் எழுதினார்களா? எழுதினார்கள், ஒரு பத்தி இருக்கிறது. மனம் செலுத்தாமல் போட்ட ஆணை என்று இதைத்தான் நீதிமன்றத்தில் சொல்கிறோம். கிணற்றைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் ஆணை நிற்காது. ஆனால் அது நிற்காது என்று சொல்ல ஒருவர் சென்னை வரை போக வேண்டியிருக்கிறதே.

அதனால்தான் 21 நாள், 15 நாள், 14 நாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வழக்கு உயர்நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, நோட்டீஸ் வந்த அன்று உங்கள் திண்ணையில் தொடங்குகிறது. வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கியதாகவே கணக்கில் ஏறும். வாங்கிய தேதியைத் தாளிலேயே எழுதுங்கள். ஆட்சேபத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றைக்கே தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வையுங்கள். வி.ஏ.ஓ. நல்லவர், சொல்லிவிட்டேன், பார்த்துக்கொள்வார் என்று வாய்ச்சொல்லில் விட்ட வழக்குகள் ஏராளம். அவர் நல்லவராகவே இருப்பார். அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார்.

வீடு இடிப்பில் மட்டும் அண்மையில் ஒரு முன்னேற்றம். 2024 நவம்பர் 13-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் கவாய், கே.வி. விசுவநாதன் அமர்வு, பதினைந்து நாள் நோட்டீஸ், நேர்முக விசாரணை, காரணத்தோடு ஆணை, அதன் பிறகும் பதினைந்து நாள் பொறுத்திருத்தல் என்று நாடு முழுமைக்கும் நெறி வகுத்தது. வாண்ட்ஸ்வர்த் வீட்டுக்காரர் 1863-இல் கேட்டதுதான். சாலை, நீர்நிலை முதலிய பொது இடங்களில் கட்டியவர்களுக்கு இந்த நெறி பொருந்தாது. நம் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிக் கட்டியவர்கள் இந்தத் தீர்ப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான நிர்வாக நடைமுறைச் சட்டம் ஒன்றை அமெரிக்கா 1946-லேயே இயற்றிக்கொண்டது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. முறுக்குக்கு ஒரு கணக்கு, மின்சாரத்துக்கு ஒரு கணக்கு, சாலைக்கு ஒரு கணக்கு. நடுவில் விடுபட்ட இடங்களை நீதிமன்றம் இயற்கை நீதி என்று சொல்லி நிரப்பிக்கொண்டு வருகிறது. பொதுச் சட்டம் வரும் வரை ஒரு சிறிய காரியத்தை மாநில அரசே செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஏற்கெனவே இதற்கு முன்மாதிரி உண்டு. அதன் 4-ஆம் பிரிவு, முடிவால் பாதிக்கப்படுகிறவருக்குக் காரணம் சொல்லும் கடமையை எல்லா அரசு அலுவலகங்களுக்கும் வைத்திருக்கிறது. 7-ஆம் பிரிவு இன்னும் துல்லியமானது. தகவல் தர மறுத்தால், ஏன் மறுக்கிறோம், எத்தனை நாளில் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம் என்ற மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும். 1997-இலேயே தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டு மற்ற மாநிலங்களுக்கு முன்னால் நின்றது தமிழ்நாடு. அதே மூன்று வரியைப் பட்டா மறுப்பிலும், மின் மதிப்பீட்டிலும், வீட்டு வரி உயர்விலும், நிலமெடுப்பு ஆட்சேபத்தைத் தள்ளும் தாளிலும் தமிழில் அச்சிட்டுத் தரச் சொல்லி ஓர் அரசாணை போட்டால் போதும். கஜானாவுக்குச் செலவு வைக்காத கோரிக்கை இது. இங்கே வந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து போகும் தாள்களில் இதை நாளைக்கே தொடங்கலாம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

கையில் நோட்டீஸ் கொண்டுவந்திருப்பவர்கள் சிலர் இருப்பதைப் பார்க்கிறேன். கேள்வி நேரத்தில் முதலில் அவர்களை அழைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.